முதல்ல முகட்ட பாருங்க டீச்சர்

மட்டக்களப்பு களுவாஞ்சிக்குடிப் பக்கம் படிப்பிக்கிற டீச்சர் ஒராள் கேட்டிருந்தாங்க. அவங்கட பள்ளிக்கூடத்துக்கு லண்டன், கனடாவுல இருக்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து கொஞ்சம் சல்லி அனுப்பப் போறாங்களாம், அதுல ரெண்டு வகுப்புக்கு ஏ.சி போடுறதா இல்லாட்டி கூரைல சோலார் போடுறதா எண்டு கூட்டத்துல ஒரே வாக்குவாதமாம். இதுக்குள்ள ஒராள் கட்டடத்தையே கரண்ட் குறைவா இழுக்கிற மாதிரி திருத்துவம் எண்டு சொல்ல, மத்த ஆக்கள் "அது பில்லுல நாலு காசு குறைக்கிற வேலை, புள்ளயளுக்கு அதால என்ன பிரயோசனம்" எண்டு கேட்டு வாயடைச்சிட்டாங்களாம். உண்மையா அதால உடம்புக்கும் சல்லிக்கும் என்ன நன்மை, கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க எண்டு டீச்சர் கேக்கிறாங்க.

டீச்சர், நான் இருபது வருஷத்துக்கு மேல அரசாங்கக் கட்டடங்கள்ல வயரிங், மெயின்டனன்ஸ் வேலைல கிடந்தவன். பொத்துவில்ல இருந்து வாகரை மட்டும் எத்தின பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிரதேச சபை, தபால் கந்தோர் முகட்டுக்குள்ள ஏறி இறங்கியிருப்பன் எண்டு எனக்கே கணக்கில்ல. அந்த அனுபவத்துல சொல்றன், அந்தக் கூட்டத்துல வாயடைச்சுப் போன ஆள் சொன்னதுதான் சரி. கரண்ட் மிச்சம் எண்டா நம்மட ஆக்களுக்கு ஃபேன ஓஃப் பண்ணு, லைட்ட அணை எண்டு கத்துறதுதான் ஞாபகம் வருது. அது மிச்சம் இல்ல, புள்ளைய வேர்க்க வைச்சு பில்ல குறைக்கிறது. நான் சொல்ற மிச்சம் வேற, வெயில உள்ளுக்கு வரவிடாம மறிச்சா அந்தச் சூட்ட வெளியேத்த கரண்ட் தேவப்படாது, அவ்வளவுதான். அதால ஒழுங்கு இதுதான்: முதல்ல முகடு, மறுகா யன்னல், அதுக்குப் பிறகு ஃபேனும் லைட்டும், அப்பவும் சல்லி மிஞ்சினா சோலார். ஏ.சி கடைசில, அதுவும் உண்மையா தேவையான அறைக்கு மட்டும்.

ஏன் முகடு முதல்ல எண்டு கேட்டா நாம இருக்கிற இடம் அப்படி. மட்டக்களப்பு வடக்கு அகலாங்கு 7 டிகிரி 40 சொச்சத்துல கிடக்கு, சித்திரை வருசப்பிறப்பு கிட்ட ஒருக்கா, ஆவணி கடைசி புரட்டாதி தொடக்கத்துல இன்னொருக்கா சூரியன் சரியா உச்சந்தலைக்கு மேல நிக்கும். மத்த மாசத்துலயும் அது தலைய விட்டு தூரம் போறதில்ல. குளிர் நாட்டுல கட்டடத்துக்கு சுவர்தான் முக்கியம், நமக்கு கூரைதான் வெயில்ட முழு அடியும் வாங்குது. மத்தியானம் 12 மணிக்கு கறுத்துப்போன தகரத்துலயோ அஸ்பெஸ்டஸ் சீட்லயோ கை வைச்சுப் பாருங்க, வைக்க ஏலாது, 60 டிகிரிய தொட்டு நிக்கும். அந்தச் சூடு காத்தால மட்டும் இறங்கல, அடுப்புக்கு முன்னால நிண்டா முகத்துல அடிக்கிற அனல் மாதிரி நேர புள்ளயள்ட தலைல அடிக்குது. அதாலதான் தகர கூரை வகுப்புல எத்தின ஃபேன் போட்டாலும் "ஃபேன் சூட்டுக் காத்த அடிக்குது சேர்" எண்டு புள்ளயள் சொல்றது, அவங்க சொல்றது அப்படியே உண்மை, ஃபேன் அந்தக் காத்த கீழ தள்ளுறத தவிர வேற என்ன செய்யும்.

சிலாப் போட்ட மாடிக் கட்டடம் இன்னொரு விதம். கொங்கிரீட் பகல் முழுக்க சூட்ட குடிச்சு வைச்சிருந்து பின்னேரத்துல இருந்து விடத் தொடங்கும், ராவு 10, 11 மணி மட்டும் அந்தச் சூடு இறங்கிக்கிட்டே இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அது பரவால்ல, 1.30க்கு மணி அடிச்சா புள்ளயள் போயிடும். ஆஸ்பத்திரி வாட்டுல ஆக்கள் ராவும் கிடக்காங்களே. என்ட மூத்த மகள்ட முதல் பேறுக்கு ஒரு ஆஸ்பத்திரில (பேர் வேணாம், அங்க வேலை செஞ்ச நேர்ஸ்மார் தங்கமான ஆக்கள், கட்டடம்தான் பிழை) மேல்மாடி வாட்டுல விட்டாங்க, மேல வெறும் சிலாப், கச்சான் காத்து (மேற்குல இருந்து வாற அனல் காத்து) வீசுற ஆனி மாசம். ராவு 9 மணிக்கு நான் பாக்கப் போனா பிறந்து ஒரு நாள் ஆன புள்ளைக்கு என்ட மனிசி கொப்பி மட்டையால விசிறிக்கிட்டு இருக்கா, ஃபேன் தலைக்கு மேல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. சுவர்ல கை வைச்சன், காய்ச்சல்காரன்ட நெத்தி மாதிரி சுட்டிச்சி. இத்தின வருஷம் முகட்டுக்குள்ள வேலை செஞ்சும் அண்டைக்குத்தான் எனக்கு இது வயர்ட பிரச்சின இல்ல, மனிசர்ட பிரச்சின எண்டு உறைச்சிச்சி.

இது என்ட மன வருத்தம் மட்டும் இல்ல. இந்தியாவுல அகமதாபாத்துல 2010 மே மாசம் பெரிய வெக்கை அலை வந்து அந்த நகரத்துல மட்டும் வழமைய விட 1,300க்கு மேல கூடுதலா ஆக்கள் செத்தாங்க. அங்க ஒரு ஆஸ்பத்திரில பிரசவ வாட் மேல்மாடில இருந்திருக்கு, சூட்டால பிறந்த புள்ளயள் காய்ச்சல் வந்து விசேஷ பராமரிப்பு பிரிவுக்கு போறது கூடினத டொக்டர்மார் கவனிச்சு வாட்ட கீழ்மாடிக்கு மாத்தினாங்க, அதால மட்டும் சூட்டால அந்தப் பிரிவுல சேர்க்கிற புள்ளயள் 64 வீதம் குறைஞ்சது எண்டு பிறகு ஆராய்ஞ்சு எழுதினாங்க. ஒரு ஏ.சி வாங்கல, ஒரு வயர் இழுக்கல, கட்டில் மாறின அவ்வளவுதான். அதுக்குப் பிறகு 2013ல அந்த நகரம் தெற்காசியாவுலயே முதல்தரமா வெக்கைக்கு எண்டு ஒரு செயல்திட்டம் போட்டுச்சி, 2017ல கூரைக்கு வெள்ளை அடிக்கிற வேலையையும் அதோட சேர்த்தாங்க. நம்மட மாடி ஆஸ்பத்திரிகள்ல மேல்மாடிய ஸ்டோருக்கும் கூட்ட மண்டபத்துக்கும் விட்டுட்டு தாய்மார கீழ கொண்டு வந்தா எவ்வளவு நல்லம், இதுக்கு டெண்டர் கூட தேவல்ல.

சரி முகட்டுக்கு என்ன செய்றது. சிங்க் அலுமினியம் சீட் (நம்மட ஆக்கள் அமானோ எண்டு சொல்றது) எண்டா சீட்டுக்கு கீழ வெள்ளி நிற இன்சுலேசன் போட்டு அதுக்கு கீழ சீலிங் அடிக்கலாம். இதுல ஒரு விஷயம் கனக்க பாஸ்மாருக்கு (மேசன், தச்சு வேலை ஆக்களுக்கு) தெரியாது, பளபளப்பான பக்கம் கீழ பாக்கணும், அதுக்கும் சீலிங்குக்கும் இடைல ஒரு அங்குலமாவது காத்து இடைவெளி விடணும், சீட்டோட ஒட்டி அடிச்சா அது வெறும் பேப்பர். மேல பாத்த மாதிரி போட்டா ரெண்டு வருஷத்துல தூசி படிஞ்சு பளபளப்பு போயிடும். சீலிங்குக்கு மேல நிக்கிற சூடு வெளில போக ரெண்டு பக்க முகட்டு முக்கோணச் சுவர்லயும் காத்துத் துவாரம் வேணும், வவ்வாலும் அணிலும் போகாம வலை அடிச்சு. சிலாப்புக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிக்கிறது மலிவு, புதுசா அடிச்ச வெள்ளை விழுற வெயில்ல முக்கால்வாசிய திருப்பி அனுப்பும். ஆனா நம்மட ஊர்ல மாரி மழைக்கு ஒருக்கா பாசி பிடிச்சு கறுக்கும், தை மாசி மாசத்துல தேய்ச்சுக் கழுவாட்டி பிரயோசனம் பாதியா போயிடும், அதுக்கு ஒராள பொறுப்பு போட்டுத்தான் பெயிண்ட வாங்கணும்.

அஸ்பெஸ்டஸ் கூரைக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு சொல்றன், அத காய்ஞ்சபடி தேய்க்காதீங்க, துளை போடாதீங்க, வெட்டாதீங்க, பிரஷர் வோஷர் பக்கத்துலயும் கொண்டு போகாதீங்க. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா இருபது முப்பது வருஷத்துக்கு பிறகு புற்றுநோயா வந்து நிக்கும். சிரமதானம் எண்டு சொல்லி ஏ.எல் புள்ளயள கூரைல ஏத்தி கம்பி பிரஷ் குடுத்து தேய்க்க விட்டத நான் கண்ணால கண்டிருக்கன். அப்படியான கூரைய சும்மா விட்டுட்டு கீழ சீலிங் அடிங்க, மாத்துற காலம் வரைக்க முழு சீட்டா உடையாம நனைச்சு இறக்கணும். இன்னொண்டு, 1978 கார்த்திகை சூறாவளிய கண்ட ஊர் இது, கூரைல என்ன பாரம் ஏத்தினாலும் காத்துக்கு கழண்டு பறக்காத மாதிரி கட்டு பலமா இருக்கா எண்டு முதல்ல பாருங்க.

மறுகா யன்னல். நம்மட பழைய ஆக்கள் காத்துக்கு பேர் வைச்சு வாழ்ந்த ஆக்கள், கச்சான், கொண்டல், வாடை, சோழகம் எண்டு எந்தத் திசைக் காத்து எந்த மாசம் வரும் எண்டு மீன்பிடிக்கப் போறவருக்கும் வெள்ளாமக்காரருக்கும் மனப்பாடம். இப்ப கட்டுற கட்டடத்துக்கு அந்த ஞானம் ஒண்டும் இல்ல, கொழும்புல கீறின பிளான அப்படியே கொண்டு வந்து வளவு எப்படிக் கிடக்கோ அப்படி வைக்கிறாங்க. வகுப்பு யன்னல் மேற்கப் பாத்தா மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் அனலும் தூசியும் நேர உள்ளுக்கு, உடனே யன்னல பூட்டுறாங்க, பூட்டினா இருட்டு, இருட்டுக்கு லைட், புழுக்கத்துக்கு ஃபேன். ஒரு பிழையால நாலு செலவு. கட்டினத திருப்பி வைக்க ஏலாது, ஆனா மேற்குப் பக்கம் தாவாரத்த நீட்டலாம், மரச் சட்டம் சாய்ச்சு அடிக்கலாம், வேம்பு, புங்கு, மருது எண்டு மரம் வைக்கலாம். இலை விழுந்து பீலி அடைக்குது எண்டு மரத்த தறிக்கிற அதிபர்மாருக்கு நான் எப்பவும் சொல்றது, பீலிக்கு வலை போடுங்க, மரத்த விடுங்க.

காத்தோட்டத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு இன்னும் பெரிசு. பெரு நாட்டு லீமா நகரத்துல 8 ஆஸ்பத்திரில 70 அறைய அளந்து 2007ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. 1950க்கு முந்திக் கட்டின, உயர்ந்த முகடும் பெரிய யன்னலும் உள்ள பழைய வாட்டுகள்ல யன்னல் கதவு திறந்திருந்தா மணித்தியாலத்துக்கு 40 தரம் காத்து மாறுது, புதுக் கட்டடத்துல 17 தரம், மெசின் வைச்சு காத்து விடுற அறைக்கு 12 தரம் எண்டு கணக்கு. கசநோய் உள்ள ஆளோட ஒரு நாள் முழுக்க இருந்தா தொத்துற ஆபத்து மெசின் அறைல 39 வீதம், புது வாட்டுல 33, பழைய வாட்டுல 11 எண்டு மதிப்பிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, காத்துக்கு ஒரு சதமும் கரண்ட் செலவழிக்காத கட்டடம்தான் நோயையும் கூட குறைக்குது. நம்மட ஊர்லயும் அந்தக் காலத்து மிஷன் பள்ளிக்கூட மண்டபங்கள், கச்சேரி (மாவட்டச் செயலகம்) கன காலமா இயங்கின கோட்டைக்குள்ள இருக்கிற தடிச்ச சுவர்க் கட்டடம் எல்லாம் பகல் 1 மணிக்கும் உள்ளுக்கு குளிர்மையா இருந்தது சும்மா இல்ல. உலக சுகாதார நிறுவனமும் 2009ல சாதாரண வாட்டுக்கு ஒரு நோயாளிக்கு செக்கனுக்கு 60 லீட்டர் காத்து வரணும் எண்டு இயற்கைக் காத்தோட்டத்துக்கு அளவு சொல்லியிருக்கு.

ஆனா யன்னல திறந்தா நுளம்பு. இத தட்டிக் கழிக்க ஏலாது, மாரி முடிய மார்கழி தை மாசத்துல மட்டக்களப்புல டெங்கு ஏறுறது எல்லாருக்கும் தெரியும். அதாலதான் யன்னலுக்கு நுளம்பு வலை அடிக்கிறத நான் கரண்ட் வேலையாவே கணக்கெடுக்கிறன், வலை இல்லாட்டி யன்னல் பூட்டுப்படும், பூட்டினா மத்த எல்லாம் வீண். வலை காத்த கொஞ்சம் மறிக்கும், அதுக்கு யன்னல் பெரிசா இருக்கணும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா தூசி தட்டணும். ஏ.சி போட்டா நுளம்பு இல்ல எண்டு நினைக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லணும், ஏ.சில இருந்து வடியுற தண்ணி தேங்குற இடத்துல, ஃபிரிட்ஜுக்கு பின்னால இருக்கிற தட்டுல நுளம்புக் குடம்பி எத்தின தரம் பிடிபட்டிருக்கு.

படிப்புக்கு வாறன். அமெரிக்காவுல 1 கோடி புள்ளயள்ட பரீட்சைப் புள்ளிய வெப்பநிலையோட ஒப்பிட்டு 2020ல வெளியிட்ட ஆய்வுல, பள்ளிக்கூட வருஷத்துட சராசரிச் சூடு ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி (நம்மட கணக்குக்கு அரை டிகிரி சொச்சம்) கூடினா அந்த வருஷம் படிச்சதுல 1 வீதம் குறையுது எண்டு கண்டாங்க. நேர்மையா சொல்லணும், ஏ.சி இருந்த பள்ளிக்கூடங்கள்ல அந்த இழப்பு கிட்டத்தட்ட இல்லாமப் போச்சு. அப்ப ஏ.சி போடுவம் எண்டு உங்கட கூட்டத்துல ஒராள் எழும்பிச் சொல்லுவார். அவருக்கு மத்தப் பக்கத்தையும் சொல்லுங்க. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆக்கள் 24 உத்தியோகத்தர்மார ஒரே மாதிரி கந்தோர்ல இருத்தி ஒவ்வொரு நாளும் காத்தோட்டத்த மாத்தி மாத்தி யோசிக்கிற திறமைய சோதிச்சாங்க, நல்ல காத்தோட்டம் குடுத்த நாள்ல வழமையான கந்தோர்க் காத்த விட ரெண்டு மடங்கு கிட்ட புள்ளி எடுத்தாங்க. நம்மட வகுப்புல 40 புள்ளயள், 25 அடிக்கு 25 அடி அறை, இப்ப விக்கிற சாதாரண ஸ்பிளிட் ஏ.சி வெளிக் காத்து ஒரு சொட்டும் உள்ளுக்கு எடுக்காது, உள்ளுக்கு இருக்கிற காத்தையே திருப்பித் திருப்பி குளிராக்குது. கதவு யன்னல பூட்டி 40 நிமிஷ பாடம் ஒண்டு முடியுறதுக்குள்ள, வெளில 10 லட்சம் பங்கு காத்துல 420 பங்கு அளவுல இருக்கிற கரியமில வாயு உள்ளுக்கு 2,000 பங்கு தாண்டிடும், நான் போட்டுப் பாத்த கணக்கு இன்னும் கூட வருது. புள்ளயள் கொட்டாவி விடும், ஒராளுக்கு தடிமன் எண்டா வகுப்புக்கே வரும். அதால சூட்டையும் குறைக்கணும், காத்தையும் விடணும், ரெண்டும் ஒண்டா கிடைக்கிறது கூரைய திருத்தி யன்னல திறந்து நல்ல ஃபேன் போட்ட வகுப்புலதான்.

இப்ப சல்லிக் கணக்கு. ஒரு வகுப்புல பழைய 36 வாட் டியூப் நாலு, சோக்கோட சேர்த்து ஒண்டு 46 வாட் இழுக்கும், 18 வாட் எல்.ஈ.டி டியூப் போட்டா நாலுக்கும் 112 வாட் மிச்சம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், இப்ப வாற பி.எல்.டி.சி ஃபேன் (கரண்ட் குறைவா இழுக்கிற புது வகை மோட்டர் உள்ளது) 30 வாட், நாலு ஃபேனுக்கு 180 வாட் மிச்சம். நாளுக்கு 6 மணித்தியாலம், வருஷத்துக்கு 200 நாள், 20 வகுப்பு எண்டா வருஷத்துக்கு 7,000 யூனிட் அளவுல குறையும், ஒரு யூனிட் 30 ரூபா எண்டு கணக்குக்கு வைச்சா 2,10,000 ரூபா. மறுபக்கம் உங்கட ஏ.சிய வைங்க. 40 புள்ளயள் இருக்கிற வகுப்ப தகரக் கூரைக்கு கீழ குளிராக்க 24,000 பி.டி.யு (குளிராக்கிற சக்திட அளவு) மெசின் ரெண்டு வேணும், ரெண்டும் சேர்ந்து 4 கிலோவாட் கிட்ட இழுக்கும், கம்ப்ரசர் நிண்டு நிண்டு ஓடுறத கழிச்சாலும் ரெண்டு வகுப்புக்கு வருஷத்துக்கு 5,000, 6,000 யூனிட் போகும். அதாவது 20 வகுப்புல மிச்சம் பிடிச்சதுல பெரும்பகுதிய ரெண்டு வகுப்பு திண்டு முடிச்சிடும், மத்த 18 வகுப்புப் புள்ளயளும் வேர்வைலதான். கல்லடி, கல்முனை மாதிரி கடக்கரைப் பக்கம் எண்டா உப்புக் காத்துக்கு வெளில வைக்கிற மெசின்ட சுருள் குழாய் சில வருஷத்துல உக்கிடும், அத மாத்த லண்டன்ல இருந்து மறுகாவும் சல்லி வருமா எண்டும் யோசிங்க.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பி.எல்.டி.சி ஃபேன் விலை கூட. பள்ளிக்கூடத்துல ஒரு ஃபேன் வருஷத்துக்கு 1,200 மணித்தியாலம்தான் ஓடுது, 54 யூனிட்தான் மிச்சம், அதால நல்லா ஓடுற ஃபேன கழட்டாதீங்க, பழுதாகிற நேரம் மாத்துங்க. ஆஸ்பத்திரி வாட்டுல அதே ஃபேன் ராப்பகலா ஓடினா வருஷத்துக்கு 394 யூனிட் மிச்சம், அங்க இண்டைக்கே மாத்தலாம். வாங்குற நேரம் ரிமோட் மட்டும் உள்ளத எடுக்காதீங்க, ரிமோட் ஒரு கிழமைல காணாமப் போகும், சுவர் சுவிச்சாலயும் வேகம் மாத்துற மாதிரி பாத்து எடுங்க. நம்மட லைன்ல வோல்டேஜ் கூடிக் குறையுறதுக்கு உள்ளுக்கு இருக்கிற போர்ட் எரியுறதும் உண்டு, வாரண்டி முக்கியம். எல்.ஈ.டிலயும் மலிவுச் சாமான் கண்ணுக்குத் தெரியாம மினுங்கும், புள்ளயளுக்கு தலையிடி வாறதுக்கு அதுவும் ஒரு காரணம், ஃபோன் கேமராவ லைட்டுக்கு நேர பிடிச்சுப் பாருங்க, கறுப்புக் கோடு ஓடினா அத வாங்காதீங்க. கழட்டின பழைய டியூப்புக்குள்ள பாதரசம் இருக்கு, புள்ளயள் வாள்சண்டை பிடிக்க விடாம பூட்டி வைங்க.

கந்தோர்ப் பக்கமும் ஒண்டு சொல்லோணும். ஒரு கந்தோருக்கு வேலைக்குப் போனா உள்ளுக்கு ஏ.சி 18ல ஓடுது, தட்டச்சு செய்ற பிள்ளை சுவெட்டர் போட்டுட்டு இருக்கு, வெளி விறாந்தைல சமுர்த்தி நிவாரணக் காசுக்கு வந்த வயசான ஆக்கள் தகரத்துக்கு கீழ குந்தி இருக்காங்க. 26ல வைச்சு மேல ஒரு ஃபேன மெதுவா ஓடவிட்டா உள்ளுக்கு இருக்கிற ஆக்களுக்கும் சுகம், ஒரு டிகிரி கூட்டினா 6 வீதம் அளவுல கரண்ட் குறையும். அளவுக்கு மிஞ்சிக் குளிராக்கின அறைச் சுவர்ல வெளிப்பக்க ஈரம் பிடிச்சு பூஞ்சணம் வரும், ஃபைல் நாறும், ஆஸ்துமா உள்ளவருக்கு நெஞ்சு அடைக்கும். மிச்சம் பிடிக்கிற சல்லில அந்த விறாந்தைக்கு ஒரு சீலிங்கும் ரெண்டு ஃபேனும் போட்டா அதவிட புண்ணியம் என்ன இருக்கு.

ஏ.சியே வேணாம் எண்டு நான் சொல்லல. சத்திரசிகிச்சைக் கூடம், ஆய்வுகூடம், மருந்து ஸ்டோர் இதுகளுக்கு கட்டாயம். மருந்துப் பெட்டில "30 டிகிரிக்கு கீழ வைக்கவும்" எண்டு அடிச்சிருக்கும், அஸ்பெஸ்டஸ் கூரைக்கு கீழ இருக்கிற மருந்தகத்துல கச்சான் காலம் 35 தாண்டுது. தடுப்பூசிக்கும் இன்சுலினுக்கும் 2க்கும் 8க்கும் இடைல நிக்கணும். 2022 பங்குனி கடைசில நாட்டுல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, டீசலுக்கு ஆக்கள் ராப்பகலா வரிசைல நிண்டாங்களே, அந்த நாள்ல இழுவை குறைஞ்ச ஆஸ்பத்திரிக்கு அதே பரல் டீசல் கூட நேரம் ஓடும், இழுவை கூடினதுக்கு கெதியா முடியும், அது உயிர்க் கணக்கு. ஜெனரேட்டர் புகைய உலக சுகாதார நிறுவனத்துட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012ல மனிசருக்கு புற்றுநோய் உண்டாக்கிறது எண்டு முதல் வகைல சேர்த்தது. அப்படியிருக்க ஜெனரேட்டர்ட குழாய் வாட் யன்னலுக்கு நேர பாத்து நிக்கிற இடங்கள நான் கண்டிருக்கன்.

பில்லப் பத்தி. 2022 ஆவணில கரண்ட் கட்டணம் சராசரியா 75 வீதம் ஏறிச்சி, 2023 மாசில மறுகா 66 வீதம், பிறகு கொஞ்சம் இறங்கி ஏறி நடக்குது. பெரிய கட்டடத்துக்கு யூனிட்டுக்கு மட்டும் காசு இல்ல, மாசத்துல ஒருக்கா ஏறின உச்ச இழுவைக்கும் கே.வி.ஏ கணக்குல தனியா அறவிடுறாங்க. காலைல வந்த உடனே எல்லா ஏ.சியும் பம்பும் ஒண்டா போட்டா அந்த ஒரு தரம் மாச முழுக்க பில்லுல நிக்கும், ஒண்டுக்குப் பிறகு ஒண்டா போட்டா அதே வேலை குறைஞ்ச காசு. அந்த கே.வி.ஏ இழுவைய குறைக்கிற கெப்பாசிட்டர் பேங்க் பழுதாகி வருஷக் கணக்கா ஒருத்தரும் பாக்காம கிடக்கிற பெரிய கட்டடங்களும் இருக்கு. இதெல்லாம் ஏன் நடக்குது எண்டா பில்லு ஒரு கந்தோர்ல கட்டுறாங்க, சுவிச்ச போடுறது இன்னொரு இடத்துல, மிச்சம் பிடிச்சா பிடிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஒண்டும் வராது. அந்த மிச்சத்துல பாதிய அந்தப் பள்ளிக்கூட நூலகத்துக்கோ தண்ணிக்கோ திருப்பிக் குடுக்கிற மாதிரி ஒரு ஒழுங்கு வந்தா அதிபர்மார் தாங்களே மீற்றர் பாக்கத் தொடங்குவாங்க எண்டது என்ட திடமான நம்பிக்கை.

சோலார் நல்ல சாமான், ஆனா முகடு, யன்னல், ஃபேன், லைட்டுக்குப் பிறகுதான். ஓட்டை வாளிக்கு தண்ணி நிரப்புற மாதிரி ஆகக்கூடாது. இழுவைய குறைச்ச பிறகு 10 கிலோவாட்டுக்கு பதிலா 5 கிலோவாட் போதும், அந்த மிச்சக் காசு கூரைக்கு. சாதாரணமா போடுற சோலார் கரண்ட் வெட்டினா தானும் நிண்டு போகும், லைன்ல வேலை செய்றவருக்கு அடிக்கக்கூடாது எண்டு அப்படி வைச்சிருக்கு. கரண்ட் வெட்டுற நேரம் வேணும் எண்டா பேட்டரியும் அதுக்குரிய இன்வேட்டரும் வேற. 2025 சித்திரை வருசப்பிறப்பு லீவுல கூரைச் சோலார ஓஃப் பண்ணச் சொல்லி மின்சார சபை கேட்டதும் ஞாபகம் இருக்கும், நாடு முழுக்க லீவு எண்டா இழுவை இல்ல. பள்ளிக்கூடமும் அதே லீவுல பூட்டித்தான் கிடக்கும்.

டீச்சர், அடுத்த கூட்டத்துக்கு முந்தி ஒரு வேலை செய்ங்க. வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் போன பிறகு மீற்றர ஃபோன்ல படம் எடுங்க, திங்கள் வெள்ளாப்புல ஆக்கள் வர முந்தி மறுகா ஒண்டு எடுங்க. ஒருத்தரும் இல்லாத ரெண்டு நாள்ல எத்தின யூனிட் ஓடியிருக்கு எண்டு பாருங்க. நான் ஒரு பள்ளிக்கூடத்துல இப்படிப் பாத்து, பம்புட வால்வ் ஒழுகி டேங்க் வடிஞ்சு வடிஞ்சு ராவெல்லாம் மோட்டர் தானா ஓடினத கண்டுபிடிச்சன், வால்வ் மாத்தினதோட பில்லு இறங்கிச்சி. அதோட ஒரு சாதாரண வெப்பமானி வாங்கி, ஆகச் சூடான வகுப்புலயும் ஆகக் குளிர்மையான வகுப்புலயும் 12 மணிக்கு ரெண்டு கிழமை எழுதி வைங்க, புள்ளயளயே எழுத விடுங்க, விஞ்ஞான பாடத்துக்கும் ஆகும். அந்தக் கொப்பிய கூட்டத்துல வைச்சா ஏ.சியா சோலாரா எண்ட வாக்குவாதம் தானா முகட்டுப் பக்கம் திரும்பும். கூரை வேலைய புரட்டாதிக்குள்ள முடிங்க, ஐப்பசி பிறந்தா மழை, பெயிண்டும் காயாது பாஸும் ஏற மாட்டார். வயரிங்கும் ஃபேனும் மார்கழி லீவுக்கு வைச்சுக்கொள்ளலாம்.